குதிரைக்குக் கொடுத்த ஆப்பிள்

சாச்சாக் பஸ் நிலையத்திலிருந்து யார் எந்த ஊருக்குப் போனாலும் கோசராவிடம் கொஞ்சம் திட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். டிக்கெட் கொடுப்பதும் அவள்தான், எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வதும் அவள்தான். சொல்வதோடு நிறுத்திக்கொள்ள மாட்டாள். "கவனிக்கவும். பெல்கிரேடு வண்டி மூணாவது நடைமேடையில கிளம்பத் தயாரா நிக்குது. பச்சைச் சட்டைக்காரர் பேக்கரி வாசல்ல நின்னு இன்னும் மென்னுட்டு இருக்கார். அவர் முழுங்கினதும் வண்டிய எடுத்துடலாம்" என்பாள். பச்சைச் சட்டைக்காரர் தொண்டை அடைக்க ஓடி வருவார். மேலாளர் ஒருமுறை அவளைக் கூப்பிட்டுக் கண்டித்துப் பார்த்தார். அடுத்த நாள் அவர் தாமதமாக வேலைக்கு வந்த செய்தியை ஊரே ஒலிபெருக்கியில் கேட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, ஒரு கல்யாணம் அவளிடம் வந்து மாட்டிக்கொண்டு உயிர் தப்பி ஓடியது என்று சொல்வதுதான் பொருத்தம்.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் ஓர் ஆப்பிளில் காசைச் செருகிக் கொண்டு வருவார்கள். பெண் அதைக் கையில் வாங்கிவிட்டால் நிச்சயம் முடிந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் போனிலேயே முடித்துக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் கல்யாணமாகாத பெண் ஒருத்தி ஓர் ஆணிடமிருந்து ஆப்பிள் வாங்குவதைப் பார்த்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது, கைதட்டிவிடுவார்கள். கோசராவுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது பக்கத்து ஊர் மாவு மில்காரர் தன் மகனுக்காகக் கேட்டு வந்தார். ஆப்பிளில் தங்கக் காசு. அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். அவளும் வாங்கிக்கொண்டாள். எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள், பிளம் சாராயம் ஊற்றப்பட்டது. கோசரா காசை உருவி, பாவாடையில் துடைத்து, "இது உங்களோடது" என்று மில்காரரின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு முற்றத்துக்குப் போய், அவர்களை வண்டியில் இழுத்து வந்த குதிரைக்கு ஆப்பிளைக் கொடுத்தாள். அது இரண்டே கடியில் தின்று தீர்த்துவிட்டு இன்னொன்று கேட்டது.

அன்றிலிருந்து அந்தக் குதிரைக்கு மணப்பெண் என்றே பெயர். சந்தையில் மில்காரரைப் பார்த்தவர்கள், மருமகள் நன்றாகப் புல் தின்கிறாளா, லாடம் மாற்றியாகிவிட்டதா என்று விசாரித்த பிறகுதான் மாவு விலையைக் கேட்டார்கள். மில்காரரும் கொஞ்ச காலம் பல்லைக் கடித்தார், பிறகு அவரே சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு கோசரா எந்த ஆண் கையிலிருந்தும் ஆப்பிள் வாங்கியதில்லை. காய்கறிக் கடைக்காரர்கூடத் தராசுத் தட்டில்தான் வைக்க வேண்டும், அவள் அங்கிருந்து எடுத்துக்கொள்வாள். அதுவும் அண்ணன் வீட்டுக்குத்தான். அவளுக்கு ஆப்பிளே ஆகாது, கடித்தால் பல் கூசும். இந்தக் கதை ஊர் முழுக்கப் பரவிக் கிடந்ததால், வேறு எவனும் ஆப்பிளோடு அவள் வாசலில் வந்து நிற்கத் துணியவில்லை. பல வருஷம் அது அவளுக்கு வசதியாகவே இருந்தது. விதோமிர் டிக்கெட் ஜன்னலுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் அந்த வசதி இடிக்கத் தொடங்கியது.

விதோமிர் ஓவ்சார் மலையடிவாரத்தில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறவர். கல்யாணமாகாதவர், வெட்கமும் வாய்ச் சோம்பலும் சேர்ந்தவர், காதுகள் கொஞ்சம் பெரிசு. பெல்கிரேடில் இருக்கிற வாடிக்கைக்காரர்களுக்குப் பஸ் டிரைவர் மூலம் ஆப்பிள் பெட்டி அனுப்புவார். அதற்காக ஜன்னலுக்கு வந்து நடைமேடை டோக்கன் ஒன்று வாங்குவார். அந்த டோக்கனைப் போட்டால்தான் சுழல் கம்பி திறந்து உள்ளே விடும். டோக்கன் வாங்குகிற நேரத்தில் வானிலை பற்றி ஒரு வாக்கியம் சொல்வார். கோசரா அதற்கு ஒரு பதில் சொல்வாள். பின்னால் வரிசை முணுமுணுக்கும், அவர் போய்விடுவார். இப்படியே ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் கழிந்தன. வாரம் ஒருமுறை வந்தவர் பிறகு வாரத்தில் மூன்று முறை வந்தார். அத்தனை ஆப்பிள் தின்கிறவர்கள் பெல்கிரேடில் இருக்கிறார்களா என்று கோசராவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் வராத நாளில் ஒலிபெருக்கியில் திட்டு கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. அவரைத் தடுப்பது எது என்பது அவளுக்குத் தெரியும். குதிரைதான். தானே கட்டிய வேலிக்குள் தானே நின்றுகொண்டு, யாராவது தாண்டி வர மாட்டார்களா என்று எட்டிப் பார்ப்பது எவ்வளவு கேவலம் என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆனாலும் எட்டிப் பார்த்தாள்.

அக்டோபரில் பெரிய அறுவடை முடிந்ததும், உச்சிக் கிளைகளில் மிஞ்சியதைப் பறித்துக்கொள்ளத் தோட்டக்காரர்கள் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். குளிர்காலத்துக்கு வேண்டிய ஆப்பிளைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பிள்ளைகள் அங்கேயே தின்பதற்குக் கணக்குக் கிடையாது. கோசராவின் அண்ணன் மிலோயே ஒவ்வொரு வருஷமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்குத்தான் போவார். இந்த வருஷம், இந்தப் பக்கமும் ஒரு தோட்டம் இருக்கிறதாமே என்று கோசரா சூப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். மிலோயேவுக்கு அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அண்ணி ஸ்தானா மட்டும் தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மறுபடியும் துடைத்தாள்.

காரில் பின்சீட்டில் கோசராவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். ஜூர்ஜாவுக்கு ஆறு வயது, ஆனால் நாக்குக்கு வயது அதிகம். வூகானுக்கு நாலு, அக்கா என்ன சொன்னாலும் செய்கிற அடியாள். வழி நெடுக மிலோயே ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிக் குதிரைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கு அந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. குதிரைக்கு வெள்ளை உடுப்புப் போட்டார்களா என்று ஜூர்ஜா கேட்டாள். போடவில்லை என்றதும் அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

"காசு செருகின ஆப்பிளை யார் குடுத்தாலும் நிச்சயமா, அப்பா?"

"யார் குடுத்து யார் வாங்கினாலும் நிச்சயம்தான். உங்க அத்தை ஒருத்திதான் விதிவிலக்கு."

ஜூர்ஜா அதற்கப்புறம் வெகுநேரம் பேசவில்லை. அந்தப் பிள்ளை பேசாமல் இருந்தால் வீட்டில் எதையாவது எடுத்து ஒளித்து வைப்பது வழக்கம். ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பார்க்கிங்குக்கென்று கார்ச் சாம்பல் கிண்ணத்தில் மிலோயே போட்டு வைத்திருந்த சில்லறை இறங்கும்போது காணாமல் போயிருந்ததையும் யாரும் கவனிக்கவில்லை.

தோட்டத்து வாசலில் விதோமிர் நின்றிருந்தார். பின்னால் தட்டு வண்டியில் பூட்டிய ஒரு கிழட்டுக் குதிரை. மழை பெய்த சேற்றில் டிராக்டர் புதைகிறது என்று பெட்டிகளை மரத்துக்கு மரம் அதுதான் இழுத்துப் போகிறதாம். கோசராவைக் கண்டதும் விதோமிரின் பெரிய காதுகள் சிவந்தன. குதிரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வண்டியை ஒரு மரத்துக்குப் பின்னால் தள்ளி மறைக்க முயன்றார். குதிரை நகரவில்லை. மிலோயே மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆப்பிளை இழுத்துப் பறிக்கக் கூடாது என்று விதோமிர் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தார். உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, கொஞ்சம் திருக வேண்டும். காம்போடு வந்துவிடும். இழுத்தால் அடுத்த வருஷத்து மொட்டும் சேர்ந்து போய்விடும். இதைச் சொல்லும்போது அவர் வாய் திக்கவே இல்லை. மொட்டைப் பற்றி இவ்வளவு அழகாகப் பேசுகிற மனிதர் ஜன்னலில் வானிலையைத் தாண்டாததை நினைத்துக் கோசராவுக்கு ஆத்திரமாக வந்தது. ஏணியை எடுத்துக்கொண்டு அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

வூகான் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. இழுக்கக் கூடாது என்றார்களே என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கிளையில் தொங்குகிற ஆப்பிளைத் தொங்கினபடியே கடித்தான். எட்டிய உயரத்தில் இருந்ததையெல்லாம் ஒவ்வொரு கடி கடித்து முடித்து அடுத்த மரத்துக்குப் போனான். ஸ்தானா வந்து பார்த்தபோது ஒரு வரிசை முழுக்கப் பல் தடத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. கடித்தவை எல்லாம் நம் கணக்கு என்று அவள் தலையில் அடித்துக்கொண்டே அவற்றைத் திருகித் திருகிப் பெட்டியில் போட்டாள்.

ஜூர்ஜாவுக்கு வேறு வேலை இருந்தது. முதலில் ஒரு காசு செருகிய ஆப்பிளை அம்மாவிடம் கொடுத்து, அவளை அவர்களுடைய பழைய காருக்கு நிச்சயம் செய்தாள். பிறகு தோட்டத்து வாத்துக்கும் வூகானுக்கும் முடித்து வைத்தாள். வாத்து ஆப்பிளைக் கொத்திவிட்டு மாப்பிள்ளையைத் துரத்தியது. மிலோயேவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இன்னும் யார் பாக்கி என்று தூண்டிவிட்டார். ஜூர்ஜா சுற்றிலும் பார்த்தாள். அத்தைதான் பாக்கி.

அவள் ஏணிக்கடியில் போய் விதோமிரிடம் ஓர் ஆப்பிள் கேட்டாள். அவர் நல்லதாகப் பார்த்து ஒன்றை இறக்கிக் கொடுத்தார். சில்லறை தீர்ந்துவிட்டது, ஒரு காசு இருக்கிறதா என்று கேட்டாள். அவர் பையைத் துழாவி இருந்த காசையெல்லாம் கொடுத்துவிட்டு மறுபடி மேலே ஏறிக்கொண்டார். எதற்கென்று கேட்கத் தெரியாத மனிதர். ஜூர்ஜா காசைச் செருகி ஆப்பிளை வூகானிடம் கொடுத்து, அத்தையிடம் போய் நீட்டச் சொன்னாள்.

கோசராவின் காவல் முழுக்க ஆண்களின் கைகளுக்குத்தான். சளி ஒழுகுகிற மூக்கோடு நாலு வயதுப் பிள்ளை நீட்டியதை அவள் ஒரு கையால் வாங்கிக்கொண்டு இன்னொரு கையால் அவன் மூக்கைத் துடைத்தாள். அப்போதுதான் அடுத்த மரத்தடியில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, வாயைக் கையால் குவித்துக்கொண்டு, அத்தையின் குரலிலேயே ஜூர்ஜா அறிவித்தாள்.

"கவனிக்கவும். விதோமிர் அங்கிள் குடுத்த ஆப்பிள கோசரா அத்தை வாங்கிட்டாங்க. காசு உள்ள இருக்கு. எல்லாரும் பாத்துக்குங்க."

தோட்டத்தில் இன்னும் நாலைந்து குடும்பங்கள் இருந்தன. எல்லாம் சாச்சாக் ஆட்கள், எல்லோருக்கும் குதிரைக் கதை மனப்பாடம். கைதட்டல் வரிசைக்கு வரிசை தாவியது. மிலோயே காருக்கு ஓடிச் சாராயப் புட்டியை எடுத்து வந்தார். அந்த ஓட்டத்திலேயே க்ராலியேவோவில் இருக்கிற ஸாகோர்கா பெரியம்மாவுக்குப் போன் போட்டு, தங்கச்சி வாங்கிட்டா, வாங்கிட்டா என்று கத்தினார். அந்தப் பெரியம்மாவிடம் சொன்ன செய்தியைத் திரும்பப் பெற எந்த மனிதனாலும் முடியாது.

கோசரா கையிலிருந்த ஆப்பிளைப் பார்த்தாள். நல்ல சிவப்பு, காம்போடு இருந்தது, திருகிப் பறித்தது. அவர் பறித்ததுதான். ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், நேரில் வரத் தைரியம் இல்லாமல் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று அவள் நம்பிவிட்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்கக்கூட நேரம் இல்லை, முகத்தில் வந்துவிட்டது.

விதோமிர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். காது மட்டுமில்லை, கழுத்து வரை சிவந்திருந்தது. கைதட்டுகிறவர்களைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பார்.

"நான் குடுத்து விடலைங்க" என்றார். "பிள்ளைங்க ஏதோ விளையாடுதுங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. நான் அந்த மாதிரியெல்லாம் நினைக்கவே இல்ல."

கைதட்டல் நின்றது. மிலோயே புட்டி மூடியை மறுபடி திருகினார்.

"தெரியும்" என்றாள் கோசரா. பஸ் நிலையம் முழுக்க எட்டுகிற குரல் பக்கத்து மரத்துக்குக்கூடக் கேட்கவில்லை. காசை உருவி ஜூர்ஜாவிடம் கொடுத்தாள். குதிரை அங்கேதான், கை நீட்டும் தூரத்தில் நின்றது. ஆனால் அவள் ஆப்பிளை மற்ற ஆப்பிள்களோடு பெட்டியில் போட்டாள். அதுதான் எல்லோருக்கும் சங்கடமாகிவிட்டது. குதிரைக்குக் கொடுத்திருந்தாலாவது சிரித்திருப்பார்கள்.

ஒரு கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அங்கே பறிப்பதற்கு ஒன்றும் இல்லை, வெம்பிப்போன நாலு காய்தான் இருந்தது. அவற்றை ரொம்பக் கவனமாகத் திருகிக்கொண்டிருந்தபோது ஸ்தானா ஒரு துண்டு கிபானிட்சாவைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். பாலாடைக் கட்டி வைத்து அடுக்கிய அந்த ரொட்டிக்குக் கோசரா உயிரையே விடுவாள். இப்போது தொடவில்லை.

"இந்தத் தோட்டத்துக்கு வரலாம்னு நீதானே சொன்ன?" என்றாள் ஸ்தானா.

"ஆப்பிளுக்காகச் சொன்னேன், அண்ணி."

"உனக்கு ஆப்பிளே ஆகாதேடி."

கோசரா அடுத்த காயைத் திருகினாள். ஸ்தானா தட்டைப் புல்லில் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். அத்தை அழுகிறாளா என்று ஜூர்ஜா நேராகவே கேட்டாள். கண்ணில் இலை பட்டுவிட்டது என்றாள் கோசரா. ஜூர்ஜா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். இலை எல்லாம் கிளையில்தான் இருந்தது. தம்பியை இழுத்துக்கொண்டு கிடுகிடுவென்று விதோமிரைத் தேடிப் போனாள். அவரிடம் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு அவளே பெருமையாகச் சொன்னாள்: எங்க அத்தைய அழ வெச்சுட்டீங்க, எங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்.

அதன் பிறகு வூகான் தூதுவன் மாதிரி வரிசைகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தான்.

"அத்தை, அங்கிள் குதிரைக்கு ஆப்பிள் போடறார்."

போடட்டும் என்றாள் கோசரா. மறுபடி போய்விட்டு வந்தான்.

"இன்னும் போடறார்."

கோசராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தியை ஊர் முன்னால் நிற்க வைத்து, நினைக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு, இப்போது குதிரைக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறாராம். திங்கட்கிழமை ஜன்னலுக்கு வரட்டும், அந்த மனிதரின் காதைப் பற்றி ஒலிபெருக்கியில் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதத் தொடங்கினாள். வூகான் மூன்றாம் முறை வந்தபோது மூச்சு வாங்கியது.

"ஒரு வாளி முடிஞ்சுடுச்சு. இன்னொரு வாளி எடுத்துட்டு வந்துட்டார்."

"அந்தக் குதிரைக்காவது யாரோ ஒருத்தர் இருக்கார்னு சொல்லு" என்றாள் கோசரா. பிள்ளை அதையும் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டான்.

வெயில் மலைக்குப் பின்னால் சாய்கிற நேரத்தில்தான் விதோமிர் வந்தார். ஒரு கையில் குதிரையின் கயிறு, இன்னொரு கையில் ஓர் ஆப்பிள். பின்னால் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் மிலோயேவும் ஸ்தானாவும், அவர்களுக்கும் பின்னால், வீட்டுக்குக் கிளம்ப மனம் வராமல் மற்றக் குடும்பங்கள். அவர் அவள் எதிரில் வந்து நின்றார். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தார்.

"மத்தியானம் பொய் சொல்லிட்டேன்" என்றார். "குடுத்து விடலைங்கறது நெசம். நினைக்கவே இல்லைன்னது பொய். போன குளிர்காலத்துலேர்ந்து நினைச்சுட்டுத்தான் இருக்கேன். உங்களுக்குக் கோவம் வந்துடும்னு பயந்துட்டேன்."

ஆப்பிளை நீட்டினார். கோசரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஆப்பிளில் செருகியிருந்தது காசு இல்லை. பித்தளை வட்டம், நடுவில் ஒரு துளை. அவளுக்கு அதை இருட்டிலும் தெரியும்.

"இது எங்க டோக்கன் ஆச்சே."

"சில்லறை எல்லாம் பாப்பாகிட்ட குடுத்துட்டேன். பையில இதுதான் இருந்தது."

"இதைப் போட்டாத்தானே நடைமேடைக்கு விடுவாங்க. போடாம நீங்க எப்படி உள்ள போனீங்க?"

"உள்ள போனதே இல்லைங்க" என்றார் விதோமிர். "டிரைவர் பெட்டிய வெளியிலயே வாங்கிக்குவார்."

கோடை முழுக்கப் பஸ் நிலையத்தில் டோக்கன் குறைந்துகொண்டே போனது. மேலாளர் திருட்டு என்று சுவரில் அறிவிப்பு ஒட்டினார், கல்லூரிப் பிள்ளைகள்மேல் சந்தேகப்பட்டுக் கோசராவும் ஒலிபெருக்கியில் சாபம் விட்டிருக்கிறாள். மீதி எல்லாம் எங்கே என்று கேட்டாள். வீட்டில் ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது என்றார் அவர். ஒரு ஜாடியா என்று ஸ்தானா கேட்டாள். ரெண்டு என்று ஒப்புக்கொண்டார்.

கோசரா பின்னாலிருந்த கையை எடுத்து ஆப்பிளை வாங்கினாள்.

யாரும் கை தட்டவில்லை. கோசரா விஷயத்தில் வாங்கினால் போதாது, காசு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். அவள் டோக்கனை உருவினாள். பாவாடையில் துடைத்தாள். விதோமிர் உள்ளங்கையை விரிக்காமல் இருக்க முஷ்டியை இறுக மூடிக்கொண்டு நின்றார். அவள் டோக்கனைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பெரிய மூச்சு ஒன்று கூட்டத்திலிருந்து கிளம்பியது. ஆனால் உடனே அவள் திரும்பினாள், ஆப்பிளை நேராகக் குதிரையின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"ஐயையோ" என்றார் மிலோயே.

குதிரை ஆப்பிளை முகர்ந்தது. உதட்டைக்கூட அசைக்கவில்லை. கண்ணை மூடி, ஒரு நீண்ட பெருமூச்சை விட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. கோசரா அந்தப் பக்கம் போய் நீட்டினாள். அது இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"ரெண்டு வாளி போட்டிருக்கேன்" என்றார் விதோமிர் மெல்லிய குரலில். "இனி நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அது எதையும் தொடாது. அதைப் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

கோசராவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவளுடைய உண்மையான குரல், மலையில் மோதித் திரும்புகிற அந்தக் குரல். வானிலையைத் தவிர ஒன்றும் பேசத் தெரியாது என்று அவள் நினைத்த மனிதர், இருபது வருஷமாக ஊரில் ஒருவனுக்கும் தோன்றாததை யோசித்திருக்கிறார். அதுவும் அவளுக்காக, இவ்வளவு நேரம் உட்கார்ந்து.

"குதிரையே வேணாங்குது" என்றாள். "வீணாக்கவா முடியும்."

கடித்தாள். பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்தது. விடவில்லை, இன்னொரு கடி கடித்தாள். அப்போதுதான் கைதட்டல் தொடங்கியது. மிலோயே மறுபடி பெரியம்மாவுக்குப் போன் போட்டார். மத்தியானம் நடந்தது தப்பு, இல்லை என்று சொன்னதும் தப்பு, இப்போது நடந்ததுதான் சரி என்று அவர் விளக்கத் தொடங்க, நிச்சயம் இல்லை என்று சொல்ல நடுவில் மிலோயே போட்ட போனைத் தான் எடுக்கவே இல்லை என்றும், க்ராலியேவோவில் எல்லோருக்கும் சொல்லி முடித்துக் கேக்குக்கும் சொல்லியாகிவிட்டது என்றும் பெரியம்மா சொல்லிவிட்டாள்.

ஜூர்ஜா ஒரு பெட்டி மேல் ஏறி வாயைக் குவித்துக்கொண்டாள். அறிவிப்பதற்கு முன்னால் ஒரு சந்தேகம் வந்து, இனிமே அங்கிளை மாமான்னு கூப்பிடணுமா என்று அம்மாவிடம் கேட்டாள். வாய் நிறைய ஆப்பிளோடு கோசரா ஆமாம் என்று தலையாட்டினாள். விதோமிரின் காதுகள் எரிந்தன. அவள் விதை வரைக்கும் விடாமல் தின்று, மிஞ்சிய காம்பைக் குதிரையிடம் நீட்டிப் பார்த்தாள். அது அதையும் வாங்கிக்கொள்ளவில்லை.